தோடி காந்தாரத்தைச் சிவப்பில் காட்டுகிறது ஆப்: பாட்டும் தெரியும், சி மொழியும் தெரியும், ஆடியோ பக்கம் வரலாமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டை வாய்ப்பாட்டு

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே வாய்ப்பாட்டு. அரசு இசைத் தேர்வில் ஹையர் முடித்தாயிற்று, இப்போது டீச்சரிடம் ராகம் தானம் பல்லவி போய்க்கொண்டிருக்கிறது. பிழைப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) எழுதுகிறேன். மோட்டார் கன்ட்ரோலர், முழுக்க சி மொழி. காலையில் சாதகம், பகலில் இன்டரப்ட். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கூடப் பாட்டு கற்கிற பெண் ஒருத்தி போனில் ஒரு சுருதி ஆப் காட்டினாள். ஸ, ப பாடினால் பச்சை. சங்கராபரணத்தில் காந்தாரத்தை நிறுத்திப் பாடினால் மஞ்சள், கொஞ்சம் குறைகிறதாம். தோடி காந்தாரத்துக்கு முள் இங்கும் அங்கும் அடித்துக்கொண்டு கடைசியில் சிவப்பு. சரி, நம் பாட்டுதான் லட்சணம் என்று டீச்சரைப் பாடச் சொன்னேன். அவருக்கும் சிவப்பு. "அதுக்குத் தோடி இன்னும் பாடம் ஆகல போல" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அன்று ராத்திரியே பைத்தானில் நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன். நொடிக்கு 44,100 சாம்பிள், 2048 சாம்பிளுக்கு ஒரு எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிற கணக்கு), அதில் எந்த முகடு உயரமோ அதுதான் சுரம். என் சுருதி 5 கட்டை, ஸ 196 ஹெர்ட்ஸ். ஓட்டிப் பார்த்தால் தோடியின் சாதாரண காந்தாரமும் சங்கராபரணத்தின் அந்தர காந்தாரமும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. இரண்டு ரிஷபங்களுக்கும் இதே கதி. தோடியும் சங்கராபரணமும் என் புரோகிராமுக்கு ஒரே காந்தாரம்! தம்புரா ஆப்பைப் பக்கத்தில் ஓடவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் கோடு தம்புரா தந்திகளுக்குத் தாவி, ப, ஸ என்று கோலம் போடுகிறது.

வீடு கொருக்குப்பேட்டை ரயில் பாதைக்குக் கிட்டே. கூட்ஸ் வண்டி போனால் ஜன்னல் ஆடும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள் என்றால் தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர். இந்த லட்சணத்தில் என்ன ரெக்கார்டிங் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

கேட்க வந்தது இதுதான். ஆடியோ மென்பொருள் எழுதுவதில் இந்தச் சங்கீதப் படிப்புக்கு நிஜமாகவே வேலை இருக்கிறதா, இல்லை ரெஸ்யூமில் "பொழுதுபோக்கு" என்ற வரியில் போடுவதோடு சரியா? வேலையை விட்டுவிட்டு எம்எஸ் போக வேண்டுமா? டீச்சர் வேறு, "கண்ணால பார்த்துப் பாட ஆரம்பிச்சா காது கெட்டுடும்" என்கிறார். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

—

பதில்: பெரம்பூர் தொப்பி

தங்கச்சி, நானும் நம்ம ஏரியாதான், பெரம்பூர். மிருதங்கம் வாசிப்பேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆடியோ பிளகின் (இசை மென்பொருளில் செருகிக்கொள்கிற துணை புரோகிராம்) எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மஞ்சள். உங்கள் சங்கராபரண காந்தாரம் குறையவில்லை. அந்த ஆப் பியானோவை வைத்து அளக்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்தால் பியானோவின் கணக்கில் அந்தர காந்தாரம் 400. தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் காது வைத்தால் தானாக ஒரு காந்தாரம் கேட்குமே, அது ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்கு. அதன் இடம் 386. தம்புராவோடு சேர்த்துப் பாடிப் பழகின தொண்டை இயல்பாக 386 பக்கம்தான் போய் நிற்கும். ஆப்புக்கு அது 14 சென்ட் கம்மி. ஆக, தம்புராவோடு எவ்வளவு நன்றாகச் சேர்கிறீர்களோ அவ்வளவு மஞ்சள்.

இதைச் சரிசெய்வது சுலபம். ஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள். முதலில் ஸ எது என்று பாடகரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அந்த ஸ-வால் வகுத்து, அடி 2 உள்ள லாகரிதம் எடுத்து, 1200-ஆல் பெருக்குங்கள். 5 கட்டையில் பாடினாலும் 1 கட்டையில் பாடினாலும் ப 702-இல் வந்து உட்காரும்.

அடுத்தது உங்கள் எஃப்எஃப்டி. 44,100-ஐ 2048-ஆல் வகுத்தால் கட்டம் ஒன்றுக்கு 21.5 ஹெர்ட்ஸ். உங்கள் சாதாரண காந்தாரம் 235, அந்தரம் 245. நடுவில் பத்தே ஹெர்ட்ஸ்தான், ஒரே கட்டத்தில் விழாமல் என்ன செய்யும்? இன்னொன்று, உயரமான முகடுதான் சுரம் என்பதே தப்பு. 'ஆ' என்று வாயைத் திறந்து பாடினால் இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படையைவிட உயரமாக நிற்பது சகஜம்.

ஜன்னலை, அதாவது ஒரு தடவைக்கு எடுக்கிற சாம்பிள் துண்டை, 8192 ஆக்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஆக்கலாம், கட்டம் 5.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் ஒரு ஜன்னல் 186 மில்லிசெகண்டுக்கு நீளும். அதற்குள் உங்கள் தோடி காந்தாரம் ரிஷபத்தைத் தொட்டு மத்தியமத்துக்குப் போய்த் திரும்ப இறங்கிக்கொண்டிருக்கும். அத்தனையும் ஒரே ஜன்னலில் குழைந்து ஒரு மொத்தையாகத் தெரியும். சுருதியில் துல்லியம் கேட்டால் நேரத்தில் பிடுங்கிக்கொள்ளும், நேரத்தில் கேட்டால் சுருதியில் பிடுங்கிக்கொள்ளும். இதில் தப்பிக்க வழியே கிடையாது. எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கத்தான் ஆள் வேண்டும். கமகம் எவ்வளவு வேகமாகப் போகும், எந்த அசைவு ராகத்தின் உயிர், எது தொண்டை நடுக்கம் என்று தெரியாதவன் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே வைப்பான். நீங்கள் பாடிப் பார்த்து வைப்பீர்கள். சங்கீதத்துக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டீர்களே, வேலையே இங்கேதான்.

எஃப்எஃப்டியைத் தூரப் போட்டுவிட்டு யின் என்ற முறையைப் படியுங்கள். 2002-இல் டி ஷெவெய்ன்யேயும் கவஹாராவும் வெளியிட்டது. அலையை அதே அலையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, எத்தனை சாம்பிள் தள்ளினால் இரண்டும் பொருந்துகிறது என்று பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் குரலுக்கு 25 மில்லிசெகண்டு ஜன்னலே போதும். சில இடங்களில் ஒரு ஸ்தாயி தாவிவிடும். அதை அடக்குவதற்கு 2014-இல் வந்த பியின் இருக்கிறது. அது ஒவ்வொரு நொடித்துண்டுக்கும் பல பதில்களை வைத்துக்கொண்டு எது தொடர்ச்சியாக வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும். யின்னைக் கையால் எழுதிப் பாருங்கள், சி-யில் ஒரு பக்கம்கூட வராது. பியின்னுக்கு ஏற்கெனவே இருக்கிற நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தம்புரா தாவல் இருக்கிறதே, அதற்குச் சிக்னல் புராசஸிங்கே வேண்டாம். தம்புராவை இயர்போனில் போட்டுக்கொண்டு பாடுங்கள். மைக்குக்கு உங்கள் குரல் மட்டும் போகும்.

இப்போது தோடி. இங்கே பச்சை, சிவப்பு என்ற யோசனையே உதவாது. ஸ, ப எங்கே என்று கேட்டால் ஒரு எண் சொல்லலாம். தோடி காந்தாரம் எங்கே என்று கேட்டால் ஒரு பாதையைத்தான் சொல்ல முடியும். பாடின முழுசையும் எடுத்து, எந்த சென்ட்டில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். ஸ-வும் ப-வும் ஊசி மாதிரி நிற்கும். சாதாரண காந்தாரம் இருக்க வேண்டிய 316-இல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் பரந்து கிடக்கும். அதே காந்தாரம் கரகரப்பிரியாவில் வேறு மாதிரி பரவும். பெயரில் சுரம் ஒன்றுதான், படம் வேறு. இந்தப் படத்தைப் பார்த்து "ஆமாம், இதுதான் தோடி" என்று சொல்லக்கூடிய ஆள் ஒரு ஆடியோ டீமில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

என் அனுபவத்தில் ஒன்று. டெம்போவை மாற்றினாலும் சுருதி மாறாத மாதிரி ஒலியை இழுக்கிற ஒரு வேலை எங்களுக்கு வந்தது. சோதனை எண்களெல்லாம் பிரமாதம். டீமில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். நான் மிருதங்கத்தைப் போட்டுக் கேட்டேன். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், கும்கி கொடுக்கும்போது உள்ளங்கை அழுத்தத்தில் ஒலி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அது படிப்படியாக வெட்டி வெட்டி ஏறியது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு டிரம். எந்த வினாடியில் வெட்டுகிறது என்று குறித்துக் கொடுத்தேன். ஜன்னல்களை ஒட்டுகிற இடத்தில் ஃபேஸ் பொருந்தவில்லை. அளவுகோல் பிடிக்காததைக் காது பிடித்தது. ஏன் என்று கணக்கில் சொல்லவும் முடிந்தது. காதால் பிடித்துவிட்டுக் கணக்கில் சொல்லத் தெரியாவிட்டால் ரசிகர் கருத்து என்று ஒதுக்கிவிடுவார்கள்.

உங்கள் ஃபர்ம்வேர் வேலையைப் பற்றி நீங்களே குறைவாக நினைக்கிறீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 5.3 மில்லிசெகண்டு. அதற்குள் கணக்கை முடித்துக் கொடுக்காவிட்டால் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு பஃபருக்கும் சிஸ்டம் கூப்பிடுகிற அந்த கால்பேக்குக்குள் மெமரி கேட்கக் கூடாது, லாக் போடக் கூடாது, ஃபைல் திறக்கக் கூடாது, பிரிண்ட் எஃப் கூடாது. இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு நீங்கள் தினமும் கடைப்பிடிக்கிற சட்டம்தானே இது? வெப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கவே மாசக்கணக்கில் ஆகும். உங்களுக்கு ரிங் பஃபர் பழக்கமாகவே இருக்கும். சி ப்ளஸ் ப்ளஸ் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால், பிளகின் எழுத ஜூஸ் என்ற ஃபிரேம்வொர்க், ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஓபோ, இரண்டில் எதிலும் இறங்கலாம்.

எம்எஸ்? இப்போதே எதற்கு? பார்சிலோனாவின் சேவியர் செர்ராவும் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித்தும் சேர்ந்து இசைக்கான ஆடியோ சிக்னல் புராசஸிங் என்று கோர்சேராவில் ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி எல்லாம் பைத்தானில். ஸ்மித் எழுதிய புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அவற்றைப் பாதி தாண்டின பிறகும் ஆசை இருந்தால் அப்போது எம்எஸ்ஸை யோசியுங்கள்.

—

பதில்: டோல்கேட்

எல்லோரும் நன்றாக உற்சாகப்படுத்துகிறீர்கள். நான் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கர்நாடக சங்கீதம் தெரிந்த புரோகிராமர் வேண்டும் என்று எவனும் விளம்பரம் போடமாட்டான். ஆடியோ வேலை என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் காருக்குள் இருக்கிற சிஸ்டம், போன் சிப், வீடியோ கால், காது கேட்கும் கருவி, இந்த மாதிரிதான். அதிலும் நிறைய பெங்களூருவில். டால்பி, ஹார்மன் இரண்டுக்கும் அங்கே அலுவலகம் உண்டு. இன்டர்வியூவில் ஃபில்டர் கேட்பார்கள், ஃபிக்ஸட் பாயின்ட் கணக்கு கேட்பார்கள். தோடி கேட்கமாட்டார்கள். அம்பத்தூர் வேலையை விடாமல், அதே கம்பெனியில் டிஎஸ்பி சிப் (சிக்னல் கணக்குக்கென்றே உள்ள சிப்) வைத்த புராஜெக்ட் ஏதாவது வந்தால் கையைத் தூக்குங்கள். அங்கிருந்து ஆடியோவுக்குப் போவது எளிது. பாட்டிலிருந்து நேராகப் போவது கஷ்டம்.

இது பயமுறுத்துவதற்காக இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் புரோகிராம் எழுதிவிட்டு, காலையில் சாதகம் பண்ணிவிட்டு, அம்பத்தூருக்கு பஸ் பிடிப்பதை எத்தனை நாள் செய்ய முடியும் என்பதையும் யோசிக்கச் சொல்கிறேன்.

—

பதில்: வியாசர்பாடி கீபோர்ட்

அக்கா, நான் கானாவுக்கு கீபோர்ட் வாசிக்கிறேன், பசங்களுக்கு வீட்டிலேயே மிக்ஸிங்கும் பண்ணிக் கொடுப்பேன். உங்கள் பிரச்சினை எங்களுக்கும் இருக்கு. பாடுகிற அண்ணன் ஒரு வார்த்தையை இழுத்துக் கீழே இறக்குவார், அதுதான் அந்தப் பாட்டே. சுருதியைத் தானாகத் திருத்துகிற ஆட்டோட்யூன் போட்டால் அந்த இறக்கத்தைப் படிக்கட்டு ஆக்கிவிடும். ரீட்யூன் வேகத்தைக் குறைத்து, எந்தெந்தச் சுரத்தைத் தொடலாம் என்று நானே டிக் எடுத்து, இழுக்கிற இடத்தில் மட்டும் முழுசாக ஆஃப் பண்ணித்தான் ஓட்டுகிறேன். அவர் குரலை மட்டும் தெரிந்துகொள்கிற மாதிரி யாராவது ஒன்று எழுதினால் காசு கொடுத்தே வாங்குவேன். தோடிக்கு எழுதும்போது எங்களையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

—

பதில்: பெரம்பூர் தொப்பி

கீபோர்ட் தம்பி, சரியான ஆளைத்தான் இழுத்தீர்கள். 1997-இல் ஆட்டோட்யூனைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் சின்ன வயதில் புல்லாங்குழல் வாசித்தவர். அப்புறம் எண்ணெய்க் கம்பெனியில் பூமிக்குள் அனுப்பிய அதிர்வு திரும்பி வருவதை ஆராய்கிற வேலை. அதற்கும் பிறகு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு படித்தார். நிலத்துக்கு அடியில் எண்ணெய் தேடப் பயன்பட்ட ஆட்டோகோரிலேஷன் கணக்குத்தான் பாடகரின் சுருதி தேடவும் வந்து சேர்ந்தது. யின்னுக்கும் மூலக்கணக்கு அதுதான்.

வண்ணாரப்பேட்டை தங்கச்சிக்கு இன்னொரு ஆளையும் சொல்கிறேன். ஜான் சவ்னிங். இசையமைப்பாளர், பொறியாளர் இல்லை. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விப்ரேடோவை வேகமாக்கி வேகமாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆட்டமாகக் கேட்கவில்லை, ஒலியின் நிறமே மாறிவிட்டது. ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி உண்டாக்குகிற எஃப்எம் சிந்தசிஸ் அப்படித்தான் கிடைத்தது. யமஹா அதற்கு உரிமம் வாங்கி, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டை விற்றது. கேட்டுப் பழகின காது முதலில், கணக்கு பின்னால்.

டோல்கேட் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. வேலையை விடக் கூடாது. ஆனால் இன்டர்வியூவில் தோடி கேட்கமாட்டார்கள் என்றாரே, என்னிடம் கேட்டார்கள். சொந்தமாக எழுதியது ஏதாவது காட்டு என்றார்கள். நான் காட்டியது மிருதங்கச் சொற்களைப் பிரிக்கிற ஒரு அரைகுறை புரோகிராம். சாப்புக்கும் தீமுக்கும் நடுவில் அது எங்கே தடுமாறும், ஏன் தடுமாறும் என்று பேசியதில்தான் நேரம் போனது.

—

பதில்: ராயபுரம் ரிட்டயர்ட்

வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், அம்மா. கம்ப்யூட்டர் எனக்குத் தூரம். மைக் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கூட்ஸ் வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த உறுமல் பெரும்பாலும் ரொம்பக் கீழ் ஸ்தாயி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு. உன் மந்தர பஞ்சமமே 147, அதற்கு ஒன்றும் ஆகாது. மின்விசிறியை நிறுத்து. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வை. துணி அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து பாடினால் எதிரொலி குறையும். கூம்பு ஸ்பீக்கருக்கு மருந்து கிடையாது, ஆடி முடியட்டும்.

போனில் பதிவு செய்தால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடு. மாறாமல் நிற்கிற ஒலி எல்லாம் அதற்கு இரைச்சல்தான். கொரோனா காலத்தில் ஜூமில் பாட்டு வகுப்பு எடுத்தவர்களைக் கேள், நீண்ட கார்வை கொடுத்தால் பாதியில் குரலையே விழுங்கிவிடும். ஒரிஜினல் சவுண்ட் என்ற பொத்தானைத் தேடிப் பிடித்த பிறகுதான் பலருக்கு வகுப்பே நடந்தது.

உங்கள் டீச்சர் சொன்னது முக்கால்வாசி சரி. பாடும்போது திரையைப் பார்க்கக் கூடாது. பாடி முடித்த பிறகு பார்த்தால் கெடுதல் இல்லை, நாங்கள் டேப்பை ஓட்டித் திரும்பக் கேட்ட மாதிரிதான் அது. எழுதுகிற புரோகிராமையும் அப்படியே எழுது: பாடும்போது திரை கறுப்பு, நிறுத்தின பிறகு படம்.

சங்கீதமும் இஞ்சினியரிங்கும் ஒரே ஆளிடம் சேர்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சி.வி. ராமன் 1920-இல் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். நடுவில் அப்புகிற கருப்புச் சாதம்தான் தோலின் அதிர்வுகளை ஹார்மோனிக் வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று. அடுத்த வருஷம் தம்புரா, வீணை. தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த ஹார்மோனிக் வரக் கூடாது என்று ஐரோப்பியர்கள் சொன்ன விதியைத் தம்புராவின் மேடு மீறுகிறது என்று காட்டினார். வீட்டுக்கு வீடு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வந்ததே, அந்த ராடெல் கம்பெனியைத் தொடங்கிய ராஜ் நாராயண் புல்லாங்குழல் வாசிப்பவர், ஹெச்ஏஎல்லில் பொறியாளராக இருந்தவர்.

கடைசியாக ஒரு யோசனை. தோடியை விட்டுவிட்டு பேகடாவை எடு. திருவொற்றியூர் உனக்கு எட்டின தூரம்தானே. தியாகராஜர் அங்கே திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்தில் ஒன்று பேகடா. அவருடைய சீடர் திருவொற்றியூர் வீணை குப்பய்யர் பேகடாவில் ஒரு வர்ணமே போட்டிருக்கிறார். பேகடா நிஷாதம் எந்த நிஷாதம் என்று சொல்லச் சொல் உன் புரோகிராமை. வித்வான்களே அந்த இடத்துக்குக் கைசிகி (கீழ் நிஷாதம்), காகலி (மேல் நிஷாதம்) என்று ஒரு பெயர் வைக்கத் தயங்குவார்கள்.

—

கேள்வியாளர் பதில்: வண்ணாரப்பேட்டை வாய்ப்பாட்டு

எல்லோருக்கும் நன்றி. டோல்கேட் சார், வேலையை விடவில்லை. டிஎஸ்பி புராஜெக்ட் பற்றி மேனேஜரிடம் வாயைத் திறந்தாயிற்று, பார்க்கலாம் என்றார். கீபோர்ட் தம்பி, முதலில் இது ஓடட்டும்.

யின்னைச் சி-யில் எழுதிவிட்டேன். தொப்பி அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பக்கம்தான். இயர்போனில் தம்புரா, ராயபுரம் ஐயா சொன்ன அலமாரி, 80 ஹெர்ட்ஸ் வெட்டு. ரயில் காணாமலே போய்விட்டது. அலமாரியைப் பார்த்துப் பாடுவதை அம்மா வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார், அது வேறு கதை.

பேகடா வர்ணம் முழுக்கப் பாடி ஹிஸ்டோகிராம் போட்டேன். ஸ, ப ஊசி. அந்தர காந்தாரம் 386-ஐ ஒட்டி ஒழுங்காக நிற்கிறது, ஆப்பைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. நிஷாதம் மட்டும் கைசிகியிலும் இல்லை, காகலியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், 1050 பக்கம் ஒரு மேடு. டீச்சரைப் பாடவைத்தேன், பாடும்போது திரை கறுப்புதான். அவருக்கும் மேடு அங்கேதான், இன்னும் குறுகலாக. படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல நீ ஏன் ரெண்டு மேடு வெச்சிருக்கே?" என்று மத்தியமத்தைக் காட்டினார். உண்மைதான். எனக்கு 498-இலும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் இரண்டு மேடு. அவருக்கு ஒன்றுதான், அதுவும் மேலே உள்ளது. பேகடா மத்தியமம் கொஞ்சம் தூக்கி வரவேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சில இடத்தில் தூக்குகிறேன், சில இடத்தில் சும்மா சுத்த மத்தியமம் பாடிவிட்டுப் போகிறேன் போல. எந்தெந்தப் பிரயோகத்தில் என்று பிரித்துப் பார்க்க இப்போது அவருக்கே ஆசை வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் பாக்கி. வேகமான சுரங்களில், சிட்டைசுரத்தில் முக்கியமாக, கோடு விட்டு விட்டு வருகிறது. மெய்யெழுத்து வரும் இடத்தில் யின் கைவிரிக்கிறது. "ம", "நி" பரவாயில்லை, மூக்கொலி தொடர்கிறது. "த", "ப" வந்தால் ஓட்டை. இதை நேர்கோடு போட்டு நிரப்பலாமா?

—

பதில்: பெரம்பூர் தொப்பி

நிரப்பாதீர்கள். உதடு மூடியிருக்கும்போது பாடாத சுரத்தைப் பாடினதாகக் காட்டிவிடும், அப்புறம் ஹிஸ்டோகிராமே கெட்டுப்போகும். ஓட்டையை ஓட்டையாகவே விடுங்கள். படத்தில் மட்டும் வேண்டுமானால் மெல்லிய புள்ளிக்கோடு போட்டுக்கொள்ளலாம், கணக்கில் சேரக் கூடாது. "நி" தொடங்கும் இடத்தில் முதல் சில மில்லிசெகண்டையும் நம்பாதீர்கள். யின் ஒவ்வொரு முறையும் அலை எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்று ஒரு எண் கொடுக்கும். 0.1-க்கு மேலே போனால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள். பிறகு அதே சிட்டைசுரத்தை அகாரமாக ஒரு தரம் பாடிப் பதிவு செய்யுங்கள். மெய்யெழுத்தே இல்லாத கோடு கையில் இருந்தால் ஓட்டை எங்கெங்கே சுரத்தைத் தின்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அந்த இரட்டை மத்தியமத்தைப் பிரிக்கிறீர்களே, அதற்குப் பிரயோக வாரியாக நேரம் குறித்த ஃபைல் வேண்டும். முதலில் கையால் குறியுங்கள், டீச்சர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குரல்களும் வேண்டும் என்றால் சரகா என்ற கச்சேரிப் பதிவுத் தொகுப்பைத் தேடுங்கள். பார்சிலோனாவில் செர்ரா 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழுவும் இருந்தது. சரகா அந்தத் திட்டத்தின் வழியாக வந்ததுதான். அதில் சில கச்சேரிகளுக்குக் குரல், வயலின், மிருதங்கம் மைக்குகள் தனித்தனியாகவே கிடைக்கும். குரல் மைக்கில் வயலின் கசியும், அதையும் ஒரு கை பாருங்கள்.

உங்கள் பதிவு இரண்டையும், உங்களுடையதும் டீச்சருடையதும், அவர் சம்மதித்தால் அனுப்புங்கள். வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.